சப்ஸ்டேசன் (சிங்கப்பூர்)

சப்ஸ்டேசன் என்பது சிங்கப்பூரில் 1990 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு சமகாலக் கலை மையம் ஆகும். நாடகாசிரியரும் நாடக இயக்குனருமான குவோ பாவ் குன் இதனை நிறுவினார். ஆர்மீனியன் தெருவில் 45 ஆம் இலக்கக் கட்டிடத்தில் 2021 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை, ஏறக்குறைய முப்பத்தொரு ஆண்டுகள் இது இயங்கியது. சிங்கப்பூரின் முதலாவது சுயாதீன சமகாலக் கலை மையம் என இது பரவலாகக் குறிப்பிடப்படுகின்றது. நாடகம், நடனம், ஓவியக் கண்காட்சி, நிகழ்த்துகலை, குறும்படத் திரையிடல், கவிதை வாசிப்பு, இசை நிகழ்ச்சி, கருத்தரங்கு ஆகியவை ஒரே கூரையின் கீழ் நடைபெற இது இடமளித்தது. கட்டிடத்தை விட்டு வெளியேற நேர்ந்த பின்னர், நிலையான இடம் இல்லாத கலை நிறுவனமாகத் தொடர்வதென 2021 ஆம் ஆண்டில் முடிவெடுக்கப்பட்டது.

பெயரும் அமைவிடமும்

இம்மையம் அமைந்திருந்த கட்டிடம் முன்னர் ஒரு துணை மின்நிலையமாக இருந்தது. ஆங்கிலத்தில் துணை மின்நிலையத்தைக் குறிக்கும் சொல்லே மையத்தின் பெயராயிற்று. உயர் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்திற்கு மாற்றி வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புவது துணை மின்நிலையத்தின் பணியாகும். கட்டிடத்தின் பழைய பயன்பாட்டை மறைக்காமல் அதனையே பெயராகக் கொண்டது இம்மையத்தின் சிறப்புகளில் ஒன்று.

ஆர்மீனியன் தெரு சிங்கப்பூரின் பழைய நகர மையத்தில், கேனிங் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் உள்ளது. 1835 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இத்தெருவுக்கு அருகிலேயே உள்ளது. இதே தெருவில் முன்னர் தாவோ நான் பள்ளி இயங்கிய கட்டிடத்தில், 2008 ஆம் ஆண்டு முதல் பெரனாக்கான் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஸ்டாம்போர்டு சாலையில் இருந்த பழைய தேசிய நூலகமும் நடை தொலைவில் இருந்தது. சுரங்கச் சாலை அமைக்கும் பணிக்காக அந்நூலகக் கட்டிடம் 2004 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

வரலாறு

நிறுவனர்

குவோ பாவ் குன் 1939 ஆம் ஆண்டில் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்த இவர், 1960களில் ஆஸ்திரேலியாவில் நாடகக்கலை பயின்றார். 1965 ஆம் ஆண்டில், நடனக் கலைஞரான தம் மனைவி கோ லே குவானுடன் இணைந்து ஒரு நிகழ்த்துகலைப் பள்ளியை நிறுவினார். 1976 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு, விசாரணை இன்றி 1980 ஆம் ஆண்டு வரை தடுத்து வைக்கப்பட்டார். இக்காலத்தில் இவரது குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அது 1992 ஆம் ஆண்டில் தான் திரும்ப வழங்கப்பட்டது. அதாவது, சப்ஸ்டேசன் திறக்கப்பட்டபோது அதன் நிறுவனர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1980களில் சிங்கப்பூர் நாடக உலகம் சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாகப் பிரிந்திருந்தது. ஒரு மொழியின் பார்வையாளர்கள் மற்ற மொழி அரங்குகளுக்குச் செல்வது அரிது. குவோ 1988 ஆம் ஆண்டில் மேடையேற்றிய, பூனையைத் தேடும் தாயைப் பற்றிய நாடகம் இப்பிரிவினைக் கடந்த முதன்மையான முயற்சியாகும். அதில் மாண்டரின், ஹொக்கியன் முதலிய சீன மொழிகளுடன் ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகியவையும் பேசப்பட்டன. ஹொக்கியன் மட்டுமே பேசும் தாயும், அவரைப் போலவே பூனையைத் தேடி அலையும் தமிழ் பேசும் முதியவரும் சைகைகளால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது இந்நாடகத்தின் புகழ்பெற்ற காட்சியாகும். பல மொழியினரும் பல கலைத்துறையினரும் ஒரே இடத்தில் சந்திக்கவேண்டும் என்னும் இந்த எண்ணமே சப்ஸ்டேசனுக்கும் அடிப்படையாக அமைந்தது.

கட்டிடத்தைப் பெறுதல்

45 ஆம் இலக்கக் கட்டிடம் 1926 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. மின்நிலையமாகப் பயன்படுவது நின்றபின் இது பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. 1980களின் நடுப்பகுதியில், இதனைக் கலை மையமாக மாற்றும் திட்டத்தைக் குவோ அரசிடம் முன்வைத்தார். திட்டம் ஏற்கப்பட்டுக் கட்டிடம் புதுப்பிக்கப்பட்ட பின்னர், 1990 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் நாள் மையம் திறக்கப்பட்டது. "கலைகளுக்கு ஓர் இல்லம்" என்னும் பொருள்படும் தொடரை மையம் தன் அடையாள வாசகமாகக் கொண்டிருந்தது.

கட்டிட அமைப்பு

கட்டிடம் அளவில் சிறியது. இதில் பின்வரும் பகுதிகள் இருந்தன:

கருப்புப் பெட்டி அரங்கம் - சுவர்களும் தரையும் கறுப்பு நிறத்தில் அமைந்த, நிலையான மேடை இல்லாத அரங்கம். 108 இருக்கைகள் கொண்டது. நன்கொடை அளித்த நிறுவனத்தின் பெயரால் நீண்ட காலம் கின்னஸ் அரங்கம் என அழைக்கப்பட்டது.

காட்சிக்கூடம் - ஓவியம், ஒளிப்படம், நிறுவல் கலை ஆகியவற்றுக்கானது. நிகழ்த்துகலையும் கவிதை வாசிப்பும் இங்கு நடைபெற்றதுண்டு.

நடனக்கூடம் - ஒத்திகைக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் பயன்பட்டது.

வகுப்பறைகள் - கூட்டங்கள், சிறு திரையிடல்கள், பயிலரங்குகள் ஆகியவற்றுக்கானவை.

தோட்டம் - கட்டிடத்தை ஒட்டிய திறந்தவெளி. இசை நிகழ்ச்சிகள் இங்கு நடைபெற்றன.

பெரிய அரங்கங்களைப் போல இங்கு பார்வையாளர் நுழைவாயிலும் கலைஞர் நுழைவாயிலும் தனித்தனியாக விலகி இருக்கவில்லை. நாடகம் பார்க்க வந்தவர் காட்சிக்கூடத்தைக் கடந்து செல்லவும், இசை கேட்க வந்த இளைஞர் ஒரு குறும்படத்தைப் பார்க்க நேரவும் இந்த நெருக்கமான அமைப்பு வழிசெய்தது.

நிகழ்ச்சிகள்

நாடகமும் நடனமும்

இருக்கைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், இங்கு ஒரு நாடகத்தை மேடையேற்றும் செலவும் குறைவாக இருந்தது. ஆதலால் முதன்முறையாக எழுதுவோரும் இயக்குவோரும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கினர். சாதாரணமான வெற்றியைக் காட்டிலும் மதிப்புடைய தோல்வி மேலானது என்பது குவோவின் கருத்தாகும். டிக்கெட் விற்பனையை மட்டும் கருதாமல், ஒருவர் முயன்று பார்ப்பதற்கு இடம் தரவேண்டும் என்னும் கொள்கையை மையம் இதனடிப்படையில் பின்பற்றியது.

இதனை 2002 ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கத்துடன் ஒப்பிட்டு நோக்குவது வழக்கம். சுமார் 60 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் கட்டப்பட்ட எஸ்பிளனேடில் ஏறக்குறைய 1,600 இருக்கைகள் கொண்ட இசையரங்கும், 2,000 இருக்கைகள் கொண்ட நாடக அரங்கும் உள்ளன. உலகப் புகழ்பெற்ற குழுக்களை வரவேற்க அத்தகைய அரங்கம் தேவை. ஆனால் பெயர் அறியப்படாத ஒருவரின் முதல் நாடகத்திற்கு 108 இருக்கைகளே பொருத்தமானவை. எஸ்பிளனேட் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர், 2002 செப்டெம்பர் 10 அன்று குவோ காலமானார்.

கண்காட்சிகளும் நிகழ்த்துகலையும்

கலைஞர் தம் உடலையும் செயலையுமே படைப்பாக முன்வைக்கும் நிகழ்த்துகலைக்குச் சிங்கப்பூரில் இடம் தந்த சில கூடங்களுள் சப்ஸ்டேசன் ஒன்றாகும். 1994 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வேறொரு கலைக்குழு வேறோர் இடத்தில் நடத்திய நிகழ்ச்சி ஒன்று பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. அதனைத் தொடர்ந்து, எழுத்துப்பிரதி இல்லாத நிகழ்த்துகலைக்கு நிதி வழங்குவதைத் தேசியக் கலைகள் மன்றம் நிறுத்தியது. இந்நிலை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது.

இக்காலப் பகுதியிலும் இத்துறையின் கலைஞர்கள் சப்ஸ்டேசனில் தொடர்ந்து இயங்கினர். அமாண்டா ஹெங் 1996 ஆம் ஆண்டில் இங்கு நிகழ்த்திய படைப்பில், பார்வையாளர்கள் அவருடன் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தேநீர் அருந்தி, சிங்கப்பூரில் தவ்கே எனப்படும் பயற்றமுளையின் வால்களைக் கிள்ளியபடி உரையாடினர். வீட்டுப் பெண்கள் கூடிச் செய்யும் அன்றாட வேலையும் அதன்போது நிகழும் பேச்சுமே அங்கு கலைப்படைப்பாயின. உடல் முழுவதும் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு தோன்றும் "மஞ்சள் மனிதனின் பயணம்" வரிசையால் அறியப்பட்ட லீ வென் (1957 - 2019), அவ்வரிசையில் பன்முகப் பண்பாடு பற்றிய நிகழ்வை 1997 ஆம் ஆண்டில் இங்கு நிகழ்த்தினார்.

இசை

1990களில் பங்க், ராக் முதலிய வகைகளில் சொந்தப் பாடல்களை இசைத்த இளைஞர் குழுக்களுக்குச் சிங்கப்பூரில் மேடை கிடைப்பது கடினமாக இருந்தது. உணவு விடுதிகளும் மதுக்கூடங்களும் பெரும்பாலும் அறியப்பட்ட பாடல்களைப் பாடும் குழுக்களையே விரும்பின. சப்ஸ்டேசனின் தோட்டம் இக்குழுக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பிற்காலத்தில் சிங்கப்பூர் சுயாதீன இசையின் வரலாற்றை எழுதுவோர் இத்தோட்டத்தைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர்.

குறும்படம்

1997 ஆம் ஆண்டில் மையம் ஒரு திரைப்படப் பிரிவைத் தொடங்கியது. குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் ஆண்டு முழுவதும் தொடர்ச்சியாகத் திரையிடுவது இதன் நோக்கமாகும். புதிதாகப் படம் எடுத்தவர்கள் தம் படத்தைத் திரையிட்டு, பார்வையாளரின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதிலளிக்கும் நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. குறும்பட விழாவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

கருத்தரங்குகளும் ஆண்டு விழாவும்

சப்ஸ்டேசன் 1990களில் கலை, பாரம்பரியம், பொது இடம் ஆகியவை குறித்துக் கலைஞர்கள், ஆய்வாளர்கள், கட்டிடக் கலைஞர்கள் பங்குகொண்ட மாநாடுகளை நடத்தியது. 1995 ஆம் ஆண்டு மாநாட்டின் பொருள் "இடம்" என்பதாகும். ஒரு நகரில் கலைக்கும் கருத்துக்கும் எவ்வளவு இடம் உண்டு என்னும் கேள்வி அப்போதே எழுப்பப்பட்டது. மேலும், மையம் திறக்கப்பட்ட மாதத்தை நினைவுகூரும் வகையில் செப்டெம்பரில் ஆண்டு விழா நடத்துவது வழக்கமாக இருந்தது.

தமிழர் தொடர்பு

குவோவுக்குப் பின்னர் மையத்தின் கலை இயக்குனராக இருந்தவர் தி. சசிதரன் ஆவார். மெய்யியல் விரிவுரையாளராகவும், பின்னர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழின் கலை விமர்சகராகவும் பணியாற்றிய இவர், 1995 முதல் 2000 வரை இப்பொறுப்பை வகித்தார். 2000 ஆம் ஆண்டில் குவோவுடன் இணைந்து ஒரு நாடகப் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இப்பள்ளி ஆசியாவின் மரபு நாடக வடிவங்களை நவீன நடிப்புப் பயிற்சியுடன் இணைத்துக் கற்பிக்கின்றது. சசிதரனுக்கு 2012 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் சிங்கப்பூர்க் கவிஞரும் நாடகாசிரியருமான இளங்கோவனின் அக்னி கூத்து நாடகக் குழுவும் சப்ஸ்டேசன் அரங்கத்துடன் தொடர்புடையது.

உரிமமும் தணிக்கையும்

சிங்கப்பூரில் பொது நிகழ்ச்சி நடத்த உரிமம் பெறவேண்டும். முன்னர் காவல்துறையின் ஒரு பிரிவு நாடகங்களுக்கு உரிமம் வழங்கியது. பின்னர் இப்பொறுப்பு ஊடக வளர்ச்சி ஆணையத்திற்கு மாற்றப்பட்டது. எனவே சப்ஸ்டேசன் சுயாதீனமான மையமாக இருப்பினும், அங்கு எது மேடையேறலாம் என்பதில் இறுதி முடிவு மையத்தின் கையில் இருக்கவில்லை.

2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கு மேடையேறவிருந்த இளங்கோவனின் ஆங்கில நாடகம் ஒன்றுக்கு முதலில் வழங்கப்பட்ட உரிமம், நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் திரும்பப் பெறப்பட்டது. முஸ்லிம்கள் தவறாகச் சித்தரிக்கப்பட்டுள்ளனர் என ஆணையம் காரணம் கூறியது. 2013 ஆம் ஆண்டிலும் இவரது மற்றொரு நாடகத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

கலை இயக்குனர்கள்

குவோ பாவ் குன் (1990 - 1995)
தி. சசிதரன் (1995 - 2000)
ஆட்ரி வோங், லீ வெங் சோய் - இணை இயக்குனர்கள் (2000 - 2009)
நூர் எஃபெண்டி இப்ராகிம் (2010 - 2015)
ஆலன் வீ (2015 - 2020)
ராக்கா மைத்ரா, வூன் தியன் வெய் - இணை இயக்குனர்கள் (2020 இல் பொறுப்பேற்றனர்)

இவர்களுள் ராக்கா மைத்ரா ஒடிசி நடனப் பயிற்சி பெற்ற நடனக் கலைஞர் ஆவார். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என வெவ்வேறு சமூகத்தவரும், நாடகம், விமர்சனம், ஓவியம், நடனம் என வெவ்வேறு துறையினரும் இப்பொறுப்பை வகித்துள்ளமை மையத்தின் தன்மையைக் காட்டுகின்றது.

நிதியும் இடமும்

சப்ஸ்டேசனின் வருவாய் அரசு மானியம், நன்கொடை, இட வாடகை, டிக்கெட் விற்பனை ஆகியவற்றில் இருந்து கிடைத்தது. கட்டிடம் அரசுக்குச் சொந்தமானது. மையம் சலுகை வாடகையில் குடியிருந்தது. 108 இருக்கைகள் கொண்ட அரங்கம் நிறைந்தாலும் அதனால் பெரிய வருவாய் வராது. புதியவர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் தரும் கொள்கையும் வருவாயைக் கட்டுப்படுத்தியது. இவ்வாறு, மையத்தின் பயனுக்குக் காரணமான சிறிய அளவே அதன் நிதி நெருக்கடிக்கும் காரணமாயிற்று.

2000களின் நடுப்பகுதியில், வருவாயைப் பெருக்கும் பொருட்டுத் தோட்டம் இசை உணவகம் நடத்தும் நிறுவனம் ஒன்றுக்கு வாடகைக்கு விடப்பட்டது. இதனால் நிலையான வருமானம் கிடைத்தது. எனினும், இளம் இசைக்குழுக்கள் தம் திறந்தவெளி மேடையை இழந்தன.

2016 ஆம் ஆண்டு விவாதம்

2015 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ஆலன் வீ, இடங்களை வாடகைக்கு விடுவதை நிறுத்தி, ஒரு கருப்பொருளின் கீழ் மையமே தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிகளை மட்டும் நடத்தும் திட்டத்தை அறிவித்தார். வாடகைக்கு இடம் தரும் கூடங்கள் நகரில் பெருகிவிட்ட நிலையில், மையத்திற்குத் தெளிவான அடையாளம் தேவை என்பது இத்திட்டத்தின் வாதமாகும். யாரும் வந்து முயன்று பார்க்கலாம் என்பதே இம்மையத்தின் அடையாளம் எனக் கலைஞர்கள் பலர் இதனை எதிர்த்தனர். 2016 மார்ச் மாதம் பொதுக் கலந்துரையாடல் நடைபெற்றது. அரங்கத்தை வாடகைக்கு விடுவது தொடரும் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில், நகரின் கட்டிடங்களும் சாலைகளும் மக்களின் நடத்தையை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்பதை ஆராயும் நிகழ்ச்சித் தொடர் நடத்தப்பட்டது.

கட்டிடத்தை விட்டு வெளியேறல்

கட்டிடத்தில் புதுப்பிப்புப் பணிகள் தேவைப்படுவதால் 2021 ஜூலையில் மையம் வெளியேறவேண்டும் என்பதும், பணிகள் முடிந்தபின் கட்டிடம் பல கலைக்குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் இடமாக அமையும் என்பதும் 2021 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியே தெரியவந்தன. சப்ஸ்டேசன் விரும்பினால் அவற்றுள் ஒரு குடியிருப்பாளராகத் திரும்பலாம் எனத் தேசியக் கலைகள் மன்றம் தெரிவித்தது. அதிகமான கலைக்குழுக்கள் பயன்பெறவேண்டும் என்பது மன்றத்தின் நிலைப்பாடாகும்.

அரங்கம், காட்சிக்கூடம், வகுப்பறைகள் ஆகியவற்றைத் தானே நிர்வகிக்கும் உரிமை இல்லாமல் மையம் தன் பணியைத் தொடர இயலாது என நிர்வாகக் குழு கருதியது. இட வாடகையால் வரும் வருமானமும் இதனால் இல்லாமற்போகும். இக்காரணங்களைக் கூறி, மையம் நிரந்தரமாக மூடப்படும் என 2021 மார்ச் 2 அன்று அறிவிக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டெம்பரில் நடைபெறும் ஆண்டு விழா அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே நடத்தப்பட்டது.

மூடல் அறிவிப்பு கலைஞர்களிடமும் பொதுமக்களிடமும் பெரும் வருத்தத்தை ஏற்படுத்தியது. கலந்துரையாடல்களும் வேண்டுகோள்களும் தொடர்ந்தன. அவற்றின் விளைவாக மூடும் முடிவு மாற்றப்பட்டு, சொந்த இடம் இல்லாத கலை நிறுவனமாகச் சப்ஸ்டேசன் தொடரும் என அறிவிக்கப்பட்டது. ஜூலை மாத இறுதிக்குள் 45 ஆம் இலக்கக் கட்டிடம் காலி செய்யப்பட்டது.

முக்கியத்துவம்

சப்ஸ்டேசனைப் பற்றிய விவாதங்கள் அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தன. கலை மையம் என்பது கட்டிடமா, அல்லது அங்கு கூடும் மனிதர்களா என்பதே அக்கேள்வியாகும். ஒரு நிறுவனம் எந்த இடத்திலும் நாடகமும் கண்காட்சியும் நடத்தலாம் என்பது ஒரு தரப்பினரின் கருத்து. அறையின் சாவி யாரிடம் உள்ளதோ அவரே யாருக்கு இடம் தரலாம் என்பதை முடிவு செய்கிறார். ஆகையால் இடத்தை நிர்வகிப்பதும் கலைப்பணியின் ஒரு பகுதியே என்பது மறு தரப்பினரின் கருத்து.

ஓவியங்களும் நாடகப் பிரதிகளும் காப்பகங்களில் எஞ்சும். ஒரு நாடகத்திற்கு வந்தவர் தற்செயலாக ஒரு கண்காட்சியைப் பார்த்ததும், முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பயற்றமுளை கிள்ளியதும் எந்தக் காப்பகத்திலும் முழுமையாகப் பதிவாவதில்லை. மொழியாலும் துறையாலும் பிரிந்திருந்த கலைஞர்கள் 1990 முதல் 2021 வரை அவ்வாறு சந்திக்க வாய்ப்பளித்தமையே சப்ஸ்டேசனின் முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகின்றது.